தெலுக் பங்லிமா காராங்கின் கணுக்கால்

வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, கிள்ளானில் நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கின் கதவைச் சாத்திவிட்டுப் பின்னறைக்குப் போய் உட்காருவேன். இல்லாத மைதானத்தில் இல்லாத ஆட்கள் ஆடப்போகும் ஆட்டத்தைப் பற்றி முன்னோட்டம் எழுதுவேன். இது என் வாராந்திர வேலை. சம்பளம் கிடையாது, பாராட்டும் கிடையாது. படிக்கிறவர்கள் ஏழே பேர். அந்த ஏழு பேரும் தங்கள் அணியைப் பற்றி நான் எழுதியது தவறு என்று சண்டைக்கு வருகிறவர்கள். ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பல்வலிக்காரர்களைக்கூட இரண்டு மணிக்கு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

எங்களுடையது கணினிக்குள் நடக்கும் பேஸ்பால் லீக். எட்டு அணிகள், எட்டு மேனேஜர்கள். மேனேஜர்கள் மட்டும்தான் ரத்தமும் சதையுமான மனிதர்கள். ஆட்டக்காரர்கள் எல்லாரும் கணினிக்குள்ளேயே பிறந்து, அதற்குள்ளேயே வயதாகி ஓய்வு பெறுகிறவர்கள். யார் பந்து எறிவது, யார் எந்த வரிசையில் மட்டை பிடிப்பது என்று வாராவாரம் ஒரு பட்டியல் போட்டுச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். ஞாயிறு மூன்று மணிக்குக் கணினி இரண்டு பட்டியல்களையும் மோதவிட்டு, ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வரி என்று திரையில் எழுதிக்கொண்டே போகும். படம் கிடையாது. சத்தமும் கிடையாது. மீதியை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் பார்த்துக்கொள்வேன். என் மைதானத்தில் எப்போதும் மாலை நான்கரை மணி. மழை அப்போதுதான் விட்டிருக்கும். புல் நான் படித்த தமிழ்ப்பள்ளியின் திடலில் இருந்த புல், ஆங்காங்கே சேறு. எறிபவன் கையிலிருந்து பந்து கிளம்பியதும் எல்லாமே மெதுவாகிவிடும். மட்டையில் பட்ட பந்து மேலே போய், செம்பனைத் தோப்புக்கு மேல் ஒரு நிமிடம் தங்கி நிற்கும். ஓடுகிறவன் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிட்டால் ஓர் ஓட்டம். எங்கும் போய்ச் சேராமல், கிளம்பிய இடத்துக்கு வந்து சேர்வதற்காக இவ்வளவு ஓடுகிற ஆட்டம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நிஜ பேஸ்பால் ஆட்டத்தை நான் இதுவரை ஒன்றுகூடப் பார்த்ததில்லை. பார்க்க ஆசையும் இல்லை. பார்த்தால் என் புல் கெட்டுவிடும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எட்டுத் தமிழர்களுக்குப் பேஸ்பால் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பெட்டாலிங் ஜெயாவில் இருந்த ஒரு கால் சென்டரிலிருந்து வந்தது. அமெரிக்காவில் துணி துவைக்கும் இயந்திரம் பழுதானால் அங்கிருந்து எங்களைக் கூப்பிடுவார்கள். எங்களுக்கு விடியற்காலை ஐந்து மணி ஷிப்ட், அவர்களுக்கு அது மாலை. மாலையில்தான் அங்கே ஆட்டம். ஆகவே தினமும் வேலை தொடங்கும் முன் எங்கள் மேசையில் ஒரு தாள் இருக்கும். எந்த ஊர் அணி எந்த ஊரோடு ஆடுகிறது, யார் முன்னால் இருக்கிறார்கள், எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அதில் எழுதியிருக்கும். கூப்பிடுகிறவர் ஊரைப் பார்த்து, இயந்திரத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டும். அது விதி. ஒரு முறை ஒரு பெரியவரிடம், உங்கள் ஊர் அணி இன்று தடுமாறுகிறது, வருத்தமாக இருக்கிறது என்றேன். அவர் அந்த அணியை நாற்பது வருடமாக வெறுப்பவராம். சந்தோஷத்தில் எனக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார். இயந்திரம் கடைசி வரை ஓடவில்லை.

அந்தத் தாளைத் தினமும் தயாரித்தவள் எங்கள் டீம் லீடர். என் வயதுக்காரி, பிரிக்பீல்ட்ஸில் பிறந்து அங்கேயே இருப்பவள், என் தோழி. மற்றவர்களுக்குத் தாள் வேலையின் ஒரு பகுதி, அவளுக்கு அது பூஜை. எண்கள் நிறைந்த கட்டங்களை ஒரு பார்வை பார்த்து, எந்த ஆட்டக்காரன் களைத்திருக்கிறான், எவனுக்குத் தோள் வலி என்று சொல்லிவிடுவாள். பிறகு அந்த வேலை வேறொரு நாட்டுக்குப் போய்விட்டது, நாங்கள் வீட்டுக்குப் போனோம். தொலைபேசியையும் இயந்திரங்களையும் யாரும் தேடவில்லை. காலையில் அந்தத் தாள் இல்லையே என்றுதான் எல்லாரும் ஏங்கினோம். அப்போது எங்கள் கணினிகளைப் பழுது பார்த்த டெக்னீஷியன்தான் இந்த லீக்கைத் தொடங்கினார். எங்களைவிட இளையவர், ஆனாலும் நாங்கள் எல்லாரும் அவரை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

லீக்கில் ஒரு சட்டம் உண்டு. ஆட்டக்காரர்களுக்கு மனிதப் பெயர் வைக்கக் கூடாது. முதல் சீசனில் ஒருவர் தன் மச்சினன் பெயரை ஓர் ஆட்டக்காரனுக்கு வைத்து, இரண்டு வாரத்தில் அவனை அணியிலிருந்து நீக்கினார். செய்தி எப்படியோ மச்சினன் காதுக்குப் போய், அந்தத் தீபாவளிக்கு இரு வீடும் பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு சாலைப் பலகையில் இருக்கும் ஊர்ப் பெயர்கள்தான். என் அணி கிள்ளான் நண்டுகள். அதில் பாடாங் ஜாவா பந்து எறிவான், பத்து தீகா ஓடுவான். ரயிலில் போகும்போது அந்த நிலையங்கள் வரும். கதவு திறக்கும். என் ஆட்கள் ஏறி, என்னைத் தெரியாத மாதிரி நின்றுகொண்டு வருவார்கள்.

அவளுடைய அணி பிரிக்பீல்ட்ஸ் மைனாக்கள். அதில் அவளுக்கு உயிரானவன் தெலுக் பங்லிமா காராங். பெயர் நீளம், கட்டத்துக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். வேலை போன பிறகு நாங்கள் இருவரும் ஒரு நாள் இரண்டு பஸ் மாறி அந்த ஊருக்கு, ஒரு தொழிற்சாலை அலுவலக வேலைக்கு இன்டர்வியூவுக்குப் போனோம். இருவருக்கும் கிடைக்கவில்லை. திரும்பி வர பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் அவள் பலகையைப் பார்த்து, “வேல குடுக்கல, பேராச்சும் குடுக்கட்டும்லா” என்றாள். அந்த வாரமே அவனுக்குப் பெயர் வைத்தாயிற்று.

அவள் மாதிரி மேனேஜரை நான் பார்த்ததில்லை. ஆட்டக்காரனின் பெயருக்குப் பக்கத்தில் காயம் என்று ஒரு சிவப்புப் புள்ளி வந்தால் நாங்கள் எல்லாரும் கணக்குப் போடுவோம். கொஞ்சம் வலிதானே, ஓடட்டும் என்போம். அவள் அப்படி இல்லை. புள்ளி வந்த மறு நிமிடம் அவனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவாள். அதனால் எத்தனையோ ஆட்டம் தோற்றிருக்கிறாள். கணினிப் பொம்மைக்கு மருத்துவ விடுப்புக் கொடுக்கிறாள் என்று நாங்கள் கேலி செய்வோம். “உங்களுக்கு வலிச்சா தெரியும்” என்பாள்.

இந்தச் சீசனில் கடைசி வாரம் வந்தபோது, நான்காவது இடத்தில் நண்டுகளும் மைனாக்களும் சரிசமமாக நின்றோம். முதல் நான்கு அணிகள்தான் இறுதிச் சுற்றுக்குப் போகும். ஆக, எங்கள் இருவருக்கும் இடையே நடக்கப்போகும் மூன்று ஆட்டங்களில் இரண்டை ஜெயிப்பவர் உள்ளே, மற்றவர் வெளியே. நான் பாதி சீசன் முன்னால் இருந்தவள். மைனாக்கள் கடைசி நான்கு வாரம் ஜெயித்து ஜெயித்து என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்கள்.

எனக்கு அவள் மேல் எரிச்சல். ஜெயித்ததற்காக இல்லை, சத்தியமாக இல்லை. ஜெயிக்கத் தொடங்கியதிலிருந்து அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். வாட்ஸ்அப்பில் பத்து வரி எழுதினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். போன் அடித்தால் வேலை என்பாள். நான் அனுப்பிய படத்துக்கு, என் அக்காள் மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று எழுதி அனுப்பிய படத்துக்கு, அதே கட்டைவிரல். தலைக்கனம் ஏறிவிட்டது என்று முடிவு கட்டினேன். அந்த வியாழக்கிழமை முன்னோட்டத்தில் அதைக் கொட்டித் தீர்த்தேன். ‘மைனாக்களின் மேனேஜர் இப்போதெல்லாம் கட்டைவிரலால் மட்டுமே பேசுகிறார். ராணியம்மா வாய் திறந்தால் வெற்றி பறந்துவிடுமோ என்னவோ’ என்று எழுதி, நானே படித்துச் சிரித்துக்கொண்டேன்.

முன்னோட்டம் என்றால் எதிரணியின் நான்கு வாரக் கட்டங்களையும் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். தெலுக் பங்லிமா காராங்கின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருந்தது. கணுக்கால் சுளுக்கு, இரண்டு வாரம் ஓய்வு தேவை என்று குறிப்பு. அது எப்போது வந்தது என்று பின்னால் போய்ப் பார்த்தேன். நான்கு வாரத்துக்கு முன்னால். அந்த நான்கு வாரமும் அவன் ஆடியிருக்கிறான். ஒரு நாள்கூட உட்காரவில்லை. சுளுக்கு ஆறாமல் புள்ளி இன்னும் பெரிதாகியிருந்தது. அந்தக் காலோடு அவன் அடித்த அடியில்தான் மைனாக்கள் ஜெயித்திருக்கிறார்கள். நல்ல அதிர்ஷ்டம், வேறென்ன.

சாப்பாட்டுப் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டேன். நான்கு வாரப் பட்டியலும் ஒரே பட்டியல், ஓர் எழுத்து மாறவில்லை. யாராவது பட்டியல் அனுப்பாவிட்டால் கணினி போன வாரப் பட்டியலையே எடுத்துக்கொள்ளும். பாஸுக்குப் போன் போட்டேன்.

“ஆமாக்கா, நாலு வாரமா அவங்க லிஸ்ட் அனுப்பல,” என்றார் பாஸ். “ஜெயிச்சிக்கிட்டுத்தானே இருக்காங்க, மாத்த வேணாம்னு விட்டுட்டாங்களோன்னு நெனச்சேன். ஆறு வாரம் வரலன்னா ரூல் இருக்கு, டீம வேற ஆளுக்குக் குடுக்கணும். நீங்க பேசிப் பாக்குறீங்களா?”

அவளா? புள்ளி வந்தவனை நான்கு வாரம் ஓடவிட்டிருப்பாளா? அவள் அந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விட்டிருக்கமாட்டாள். பார்க்காமல் இருக்கக்கூடியவளும் இல்லை. அன்று மதியம் பல் பிடுங்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பயந்தார்கள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் ரயில் ஏறினேன். மதிய ரயிலில் எல்லாரும் தூங்குவார்கள், நானும் பாதித் தூக்கத்தில் இருந்தேன். பாடாங் ஜாவா வந்தது, ஷா ஆலம் வந்தது. வெளியே வெயில் வெளுத்து, பொருட்களின் ஓரங்கள் எல்லாம் கரைந்து கிடந்தன. ஒரு நிலையத்தில் யாரோ நொண்டி நொண்டி ஏறியது போல் இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன், யாருமில்லை. முன்னோட்டத்தை நான் இன்னும் அனுப்பவில்லை. லீக்கில் இதுவரை நான் முன்னோட்டம் அனுப்பாத வாரம் அது ஒன்றுதான்.

கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பின்பக்கமாகப் பிரிக்பீல்ட்ஸுக்குள் நடந்தேன். பூக்கடைகளைத் தாண்டி, கண் தெரியாதவர்கள் நடப்பதற்காகப் பதித்த மஞ்சள் ஓடுகள் நடைபாதையில் ஓடிக்கொண்டே இருக்கும். மசாஜ் கடைகளில் வேலை செய்யும் கண் தெரியாதவர்கள் கம்பைத் தட்டிக்கொண்டு அந்த மஞ்சளில் போவார்கள். கார்க்காரர்கள் அதன் மேலேயே வண்டியை நிறுத்தியிருப்பார்கள், அவர்களைத் திட்டுவது எங்கள் எல்லாருக்கும் ஒரு வழக்கம். நானும் திட்டிக்கொண்டே போனேன்.

அவளுடைய வீடு பழைய அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. கீழ் மாடியில் அவளுடைய அக்காள் குடும்பம். கதவைத் திறந்தவள் என் முகத்துக்கு நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிக் கதவு நிலையைப் பார்த்தாள். நான் பேசவில்லை. தலையைத் திருப்பி, கோழி பார்ப்பது மாதிரி ஓரக்கண்ணால் என்னைப் பிடித்தாள்.

“யாரு?” என்றாள். பிறகு, “ஏய், நீயா?”

அந்த ‘யாரு’ என் நெஞ்சில் இறங்கியது. இருபது வருடமாக என் தலை தெரிந்ததும் திட்டத் தொடங்கும் வாய் அது.

உட்கார்ந்தோம். அவள் தேத்தண்ணி கலக்கப் போகிறேன் என்று எழுந்தாள். வேண்டாம் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அப்புறம் சொன்னாள்.

“இனிப்பு நீருலா, ஒடம்புல சக்கர ஏறிப்போச்சி. கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருச்சாம். ஊசி போட்டாங்க, லேசர் வச்சாங்க. நடுவுல பெரிய கறுப்பு. ஓரத்துல கொஞ்சம் தெரியும். ஒன் மூஞ்சி தெரியல, காது தெரியுது.”

“ஏன்டி சொல்லல?”

“என்னா சொல்றது? சின்ன வயசுல இந்த ரோட்ல எத்தன பேரு கையப் புடிச்சி அந்தப் பக்கம் விட்டிருக்கேன். இப்ப நானே கைய நீட்டிக்கிட்டு நிக்கணுமா? கொஞ்ச நாள் போவட்டும்னு இருந்தேன்.”

நான் அழுதேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துச் சத்தமில்லாமல் அழுதேன். மூக்கை உறிஞ்சியதில் தெரிந்துவிட்டது. “அழுவாதலா, நான் சாவலியே” என்றாள். தலைக்கனம் என்று நான் நினைத்தது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து என்னை அறைந்தது. கட்டைவிரல் போடும் இடம் மட்டும் அவள் விரலுக்குப் பழகியிருந்தது, அவ்வளவுதான்.

“லிஸ்ட எனக்கு வாயால சொல்லியிருக்கலாமே. நான் டைப் பண்ணியிருப்பேன்ல?”

“எனக்குப் பாக்காம லிஸ்ட் போடத் தெரியாது. கட்டத்தப் பாத்தாத்தான் எனக்கு எல்லாம் ஓடும். அது போச்சி.” கையை விரித்தாள். “நீ வந்ததும் நல்லதாப் போச்சி. பாஸ்கிட்ட சொல்லிடு. சீசன் முடிஞ்சதும் டீம யாருக்காச்சும் குடுத்துடட்டும். நான் இல்லாமயே நல்லாத்தான் ஜெயிக்கிறானுங்க, கேள்விப்பட்டேன்.”

சாதாரணமாகச் சொன்னாள். ஆனால் எனக்கு அவளைத் தெரியும். அணியைக் கொடுத்துவிட்டால் அப்புறம் போனையும் எடுக்கமாட்டாள். கீழே அக்காள் வீட்டுக்கும் போகமாட்டாள். நடுவில் இருக்கும் அந்தக் கறுப்பை வெறித்துக்கொண்டு இந்த நாற்காலியிலேயே இருந்துவிடுவாள். அப்போதே அவள் பாதி அப்படித்தான் இருந்தாள். மேசையில் காலைச் சாப்பாடு மூடியபடியே இருந்தது.

“முன்னோட்டம் எழுதிட்டேன், அனுப்பல” என்றேன்.

“படி.”

“வேணாம்டி.”

“என்னைய நல்லாத் திட்டியிருப்ப. தெரியும் எனக்கு. படி.”

ஒரு சொல்லை விடாமல் படித்தேன். ராணியம்மா என்ற இடம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு என்று கேட்கும்போதே தெரிந்தது. அடுத்து மைனாக்களின் ஆட்டக்காரர்களைப் பற்றிய பகுதி. தெலுக் பங்லிமா காராங் கணுக்கால் சுளுக்கோடு நான்கு வாரமாக ஆடுகிறான் என்ற வரியைப் படித்தேன்.

சிரிப்பு நின்றது.

“என்னாது?”

மறுபடி படித்தேன்.

“புள்ளி வந்திருக்கா? எப்ப?”

“நாலு வாரம் ஆச்சி.”

“நாலு வாரமா அந்தக் காலோட ஓடுறானா?” எழுந்து நின்றுவிட்டாள். “ஐயோ பாவம்லா. யாருமே சொல்லலையா? நீங்கள்லாம் மனுசங்களா? எவ்ளோ பெரிசா ஆயிருக்கு புள்ளி?”

சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் கண்ணைப் பற்றிச் சொன்னபோது அவளுக்குக் குரல் பிசகவில்லை. இப்போது பிசகியது.

“மணி என்னா?”

“நாலு பத்து.”

“அஞ்சுக்குள்ள அனுப்பணும். போன எடு. கட்டத்தப் படி. மேலேர்ந்து ஒண்ணொண்ணா, மெதுவா படி.”

“இரு,” என்றேன். முதலில் என் அணியின் பட்டியலை அவள் கண் முன்னாலேயே, அதாவது காது முன்னாலேயே, அனுப்பி முடித்தேன். அவளுடையதைக் கேட்டுவிட்டு என்னுடையதைப் போட்டால் அது களவு. அவளிடம் நான் எவ்வளவோ பொய் சொல்லியிருக்கிறேன், ஆட்டத்தில் மட்டும் சொன்னதில்லை.

பிறகு படித்தேன். பெயர், அடித்தது, விட்டது, களைப்பு. அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். விரல்கள் மட்டும் முழங்காலின் மேல் கட்டம் கட்டமாக நகர்ந்தன. முதல் ஐந்து பெயருக்குத் திணறினாள், திரும்பப் படிக்கச் சொன்னாள், எரிந்து விழுந்தாள். ஆறாவதில் இருந்து மாறியது. நான் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள், “அவன் களைச்சிட்டான், கீழ போடு” என்றாள். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் இருவரும் அந்த ஈர மைதானத்தின் நடுவில் நிற்பது போலவும், அவள் என்னைவிடத் தெளிவாக அதைப் பார்ப்பது போலவும் எனக்குத் தோன்றியது.

“தெலுக் பங்லிமா காராங்க எடுத்துடு,” என்றாள். “அவன் எடத்துல செலாயாங்கப் போடு.”

செலாயாங் புதுப் பையன். சீசன் முழுக்கப் பெஞ்சைத் தேய்த்தவன். நான் உண்மையைச் சொன்னேன். “அவன்தான்டி ஒன்ன ஜெயிக்க வச்சிக்கிட்டு இருக்கான். எடுத்தா தோத்துடுவ. கடைசி வாரம் இது.”

“எனக்குத் தெரியாதா? கால் ஆறட்டும். எடு.”

விரல் ஒரு கணம் தயங்கியது. பழையபடி பேசுகிறாளே என்ற சந்தோஷத்தால்தான் தயங்கியது என்று சொல்லிக்கொள்ள ஆசை. பாதி உண்மை. மீதிப் பாதி, அவன் போனால் இறுதிச் சுற்று எனக்கு என்று கண்ணில் தெரிந்ததுதான். எடுத்தேன். ஐந்து மணிக்குள் பட்டியல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயில் பூசை முடிந்து வந்த பிறகு நான் மறுபடி அங்கே இருந்தேன். மூன்று மணிக்குத் திரையில் வரிகள் வரத் தொடங்கின. ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழாக்கிச் சொன்னேன். எறிகிறான், விட்டான், அடித்தான், மேலே போகிறது, போகிறது, பிடித்துவிட்டார்கள். முதல் ஆட்டம் எனக்கு, இரண்டாவது அவளுக்கு. அடுத்தது மூன்றாவது ஆட்டம். மின்விசிறிச் சத்தமும் என் குரலும் மட்டும். பந்து எழும்போதெல்லாம் அவள் முகமும் கொஞ்சம் எழுந்தது. வெளியில் போகும் மோனோரயில் எந்த மைதானத்தின் ஓரமாகப் போகிறது என்று எனக்கே குழம்பிவிட்டது.

மட்டை பிடிக்கும் கடைசி முறை. மைனாக்கள் ஓர் ஓட்டம் பின்னால். இரண்டு பேர் மூலைகளில் நிற்கிறார்கள், ஓர் அடி பட்டால் இருவரும் வீடு வந்து சேர்வார்கள், அவள் உள்ளே. ஆனால் இரண்டு அவுட் ஆகிவிட்டது, இன்னும் ஒன்று போனால் எல்லாம் முடிந்தது. அந்த இடத்தில் வழக்கமாக மட்டையோடு வருகிறவன் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். வந்தவன் செலாயாங். மூன்று முறை வீசியும் மட்டையில் பந்து படாவிட்டால் அவனும் அவுட்.

முதல் பந்து, மட்டையை வீசினான், படவில்லை. இரண்டாவது, வீசினான், படவில்லை. மூன்றாவது வரி திரையில் வந்தது. நான் படிப்பதற்கு முன் ஒரு மூச்சு நேரம் இருந்தது. திரை என் கையில். பட்டுவிட்டது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் தொண்டை வரை வந்தது.

“படலடி,” என்றேன்.

வெளியே மழை தொடங்கியிருந்தது. நான் ஜெயித்திருந்தேன், எனக்கு அழுகை வந்தது. அவள் நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்து, தலையைத் திருப்பி என் காதைப் பார்த்தாள்.

“ஆட்ட ரிப்போர்ட்டும் நீதானே எழுதணும்? இப்பவே எழுது. நான் சொல்றேன்.”

“சொல்லு.”

“மைனாக்கள் மேனேஜர் நல்லா ஆடுன ஆள எடுத்துட்டு, ஒண்ணுந் தெரியாத பையனப் போட்டாங்க. அதான் தோத்தாங்க. மேனேஜர் பண்ணுன முடிவுதான் காரணம். அப்டி எழுது.”

“அதெல்லாம் எப்டிடி எழுதுறது? நீ அவன் காலுக்காகத்தானே...”

“காலப் பத்தி எழுதாத. அது எனக்கும் அவனுக்கும். நாலு வாரமா ஜெயிச்சது நான் இல்லலா, அது மெஷினு. இது நான். தோத்தது நான்தான். பாஸ்கிட்டயும் சொல்லிடு, டீம யாருக்கும் குடுக்க வேணாம்.”

எழுதினேன். பிரிக்பீல்ட்ஸ் மைனாக்கள் தங்கள் மேனேஜரின் முடிவால் தோற்றார்கள் என்று அவள் சொன்னபடியே எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

“இன்னொரு தடவ படி,” என்றாள்.